வீட்டு மேப்பிள் மரத்தில் பாகு எடுப்பது எப்படி? ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் வருடம் நான் பாகு எடுத்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் பாதியில் திடீரென்று ஆசை வந்தது. இலையே இல்லாத மரத்தில் குத்துமதிப்பாகத் துளை போட்டேன். அதில் வடிந்த சாற்றைச் சமையலறை அடுப்பில் வைத்து நாள் முழுக்கக் காய்ச்சினேன். சுவரில் ஒட்டியிருந்த காகிதம் நீராவியில் உரிந்து தொங்கியது. கடைசியில் போன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாத்திரமும் கருகிவிட்டது. மிஞ்சியது அரை டம்ளர், அதிலும் தீய்ந்த வாடை. மூன்றாம் வருடம்தான் நான்கு துளைகளிலிருந்து மூன்று லிட்டர் உருப்படியான பாகு கிடைத்தது.

தெற்கு ஒன்டாரியோவில், சொந்த வீட்டுப் பின்புறத்தில் ஒன்று முதல் ஐந்து மரம் வரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காய்ச்சுவது நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய வித்தை இல்லை. பாகுப் பதம் பார்த்த கை நமக்கு இருக்கிறது. நான் சொதப்பியதில் பாதிக்கு மேல் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே சொதப்பியவை.

1. அக்டோபரிலேயே மரத்தை அடையாளம் காணுங்கள்

மார்ச்சில் தொடங்கும் வேலை இது என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு. மார்ச்சில் எல்லா மரமும் மொட்டையாக நிற்கும். ஆகவே இலை நிறம் மாறும் காலத்திலேயே மரத்தைப் பார்த்து, தண்டில் ஒரு நாடாவைக் கட்டிவையுங்கள்.

நமக்கு வேண்டியது சுகர் மேப்பிள். இலையில் ஐந்து மடல் இருக்கும், விளிம்பில் ரம்பப் பல் இருக்காது, மடல்களுக்கு நடுவிலுள்ள வளைவு உருண்டையாக இருக்கும். சிவப்பு மேப்பிளின் இலை விளிம்பு ரம்பம்போல் இருக்கும். சில்வர் மேப்பிளின் இலை ஆழமாக வெட்டுப்பட்டு, அடிப்பக்கம் வெள்ளியாக மினுங்கும். இந்த இரண்டிலும் எடுக்கலாம், மானிடோபா மேப்பிளிலும் எடுக்கலாம். ஆனால் சர்க்கரை குறைவு. அதனால் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். சிவப்பும் சில்வரும் வசந்தத்தில் சீக்கிரமே மொட்டு விட்டுவிடும் என்பதால் பருவமும் சுருங்கும்.

இங்கே பலரும் ஏமாறுவது நார்வே மேப்பிளில். டொராண்டோ பகுதித் தெருக்களில் இது நிறைய உண்டு. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். பார்ப்பதற்கு அச்சு அசல் சுகர் மேப்பிள்தான். 2013இல் புதிய 20 டாலர் நோட்டிலுள்ள இலை நார்வே மேப்பிள் மாதிரி இருக்கிறதே என்று ஒரு தாவரவியலாளர் கேட்கப்போய், இல்லவே இல்லை என்று மத்திய வங்கி மறுக்க வேண்டியிருந்தது. அப்புறம் நாம் குழம்புவதில் என்ன வெட்கம். சோதிப்பது எளிது. ஓர் இலையைக் காம்போடு பறித்துக் காம்பை ஒடியுங்கள். எருக்கஞ்செடியை ஒடித்தால் வருவதுபோல் வெள்ளைப் பால் கசிந்தால் அது நார்வே. அதில் எடுத்தால் நஞ்சு ஒன்றும் இல்லை, சர்க்கரை குறைவு, அவ்வளவுதான்.

இலைக்காலத்தைத் தவறவிட்டுவிட்டால் மொட்டைப் பாருங்கள். சுகர் மேப்பிளின் மொட்டு பழுப்பாக, பென்சில் முனைபோல் கூராக இருக்கும். நார்வேக்கு அது தடித்து, உருண்டு, பச்சையோ சிவப்போ கலந்திருக்கும். இரண்டுக்கும் கிளைகள் நேர் எதிரெதிரே ஜோடி ஜோடியாகப் பிரியும். ஆஷ் மரத்துக்கும் அப்படித்தான் என்பதால் கிளையை மட்டும் நம்பாதீர்கள்.

மரம் சரி என்றால் அளவு எடுங்கள். நெஞ்சு உயரத்தில் தையல் அளவு நாடாவைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு 95 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு துளை. 140ஐத் தாண்டினால் இரண்டு. மரம் எவ்வளவு பெரிதானாலும் வீட்டுக்காரருக்கு இரண்டு போதும். 95க்குக் குறைந்த மரத்தை விட்டுவிடுங்கள், அது இன்னும் பிள்ளை. பட்டை உரிந்த மரம், உச்சி காய்ந்த மரம், பூச்சிக்கு ஊசி மருந்து போட்ட மரம், இவையும் வேண்டாம்.

2. அந்த மரம் உங்களுடையதுதானா?

வீட்டு முன்னால் நிற்கிறது, புல் வெட்டுவது நான், ஆகவே மரம் என்னுடையது என்று நினைக்காதீர்கள். சாலையோரத்து நிலத்தில் ஒரு பகுதி நகராட்சிக்குச் சொந்தம். முன்வாசல் மரம் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் நிற்கும். வீடு வாங்கியபோது வழக்கறிஞர் கொடுத்த கோப்பில் நில அளவைப் படம் ஒன்று இருக்கும். அதை எடுத்து, எல்லைக்கோட்டிலிருந்து மரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். நகராட்சி மரம் என்றால் அதில் கை வைக்கவே வேண்டாம்.

டொராண்டோ எல்லைக்குள் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நகரச் சட்டத் தொகுப்பின் 813ஆம் அத்தியாயம், 30 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட தனியார் மரங்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. வெட்டுவதை மட்டுமல்ல, காயப்படுத்துவதையும் அது பேசுகிறது. 311 எண்ணை அழைத்து உங்கள் மரத்துக்கு என்ன நிலை என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களின் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும்.

வேலி ஓரத்து மரத்துக்கு வேறு சிக்கல். தண்டு எல்லைக்கோட்டின்மேல் நின்றால், ஒன்டாரியோ வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி அது இரு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டார் சம்மதம் இல்லாமல் அதைக் காயப்படுத்துவது குற்றம். வாய்வார்த்தை போதாது. எந்த மரம், எத்தனை துளை, எந்தத் தேதி வரை என்று நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கையெழுத்துக்குக் கேட்ட விலை ஒரு பாட்டில் பாகு. முதல் வருடம் அதைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் நிர்வாகக் குழுவின் சம்மதத்தை. பூங்கா, பாதுகாக்கப்பட்ட காடு பக்கம் போகவே கூடாது. அரசு நிலத்திலும் அனுமதி இல்லாமல் துளையிட முடியாது.

காகித வேலை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுப்புக்கும் விதி உண்டு. டொராண்டோவில் வீட்டுப் பின்புறத்தில் விறகு மூட்டி எரிக்க அனுமதி கிடையாது. சுற்றியுள்ள ஊர்கள் சிலவற்றில் தீயணைப்புத் துறையிடம் கட்டணம் கட்டி அனுமதி வாங்கலாம், சிலவற்றில் அதுவும் இல்லை. விறகடுப்புதான் வேண்டும் என்பவர்கள் ஜனவரியிலேயே விசாரியுங்கள். எனக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று புரோபேன் எரிவாயு அடுப்புக்குப் போய்விட்டேன்.

3. சாமான்களும் செலவும்

நான்கு துளைக்கு நான் வாங்கியவை, டாலரில் தோராய விலையோடு:

- ஸ்பைல் எனப்படும் சிறு வடிகுழாய் 4: மொத்தம் 20
- மூடியுள்ள வாளி 4, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்: 40
- 5/16 அங்குல டிரில் பிட்: 10
- பந்தி மேசையில் சாப்பாடு சூடாக வைக்கும் அகலமான ஸ்டெயின்லெஸ் தட்டு, 6 அங்குல ஆழம்: 40
- இரட்டை புரோபேன் அடுப்பு: 120
- பாகின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரும் அதற்கான உயரக் குவளையும்: 55
- ஃபெல்ட் எனப்படும் தடித்த துணியில் செய்த கூம்பு வடிகட்டியும் உள்துணிகளும்: 40

ஆக 325 டாலர். இது ஒரு முறைச் செலவு. எரிவாயு தனி. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பாகு காய்ச்சலாம் என்பது என் அனுபவம். காற்றடிக்கும் நாளில் அதுவும் கிடைக்காது. நிரப்ப 25 முதல் 30 டாலர். கடையில் நல்ல பாகே லிட்டர் 30 டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது. கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கட்டுரையை மூடிவிட்டுக் கடைக்குப் போகலாம், தப்பே இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, ஸ்பைல் 5/16 அளவா, பழைய 7/16 அளவா என்று பார்த்து, அதற்கேற்ற பிட் வாங்குங்கள். கடைக்காரர் "இரண்டும் பொருந்தும்" என்று சொன்னதை நம்பி நான் பெரிய பிட்டை வாங்கினேன். ஸ்பைல் லொடலொடவென்று ஆடியது, சாறு முழுக்கப் பட்டையில் வழிந்து ஓடியது. சின்னத் துளை மரத்துக்கும் நல்லது, சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, பழைய சாமான் சந்தையில் அழகான தகர வாளிகள் கிடைக்கும். அவற்றின் பற்றவைப்பில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஜன்னலில் தொங்கவிட்டுப் பூச்செடி வையுங்கள், சாறு பிடிக்காதீர்கள். பெயின்ட் வாளியைக் கழுவிப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

4. எந்த நாளில் துளையிடுவது?

நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், வானிலையைப் பாருங்கள். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே, பகலில் பூஜ்ஜியத்துக்கு மேல் 3 முதல் 7 டிகிரி. இந்த ஏற்ற இறக்கம்தான் சாற்றை ஓட வைக்கிறது. இரவு உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது, பகலில் உருகும்போது உள்ளே அழுத்தம் கூடி, துளை வழியே தள்ளுகிறது. இரவும் பகலும் ஒரே குளிராக இருந்தால் சொட்டாது. இரவும் பகலும் ஒரே வெதுவெதுப்பாக இருந்தாலும் நின்றுவிடும்.

டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் இந்த நாட்கள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். ஒட்டாவா பக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும். பிப்ரவரி பிறந்ததும் பத்து நாள் முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். வரிசையாக நான்கைந்து நாள் இப்படி வருவது தெரிந்தால் அந்த வாரம் துளையிடலாம். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்தவுடன் பாய்ந்துவிடாதீர்கள். துளை போட்ட நாளிலிருந்து அதில் நுண்ணுயிர் சேர ஆரம்பித்துவிடும். ஆறு வாரம் போனால் மரமே அதை அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டவர்களுக்கு, நன்றாகச் சொட்ட வேண்டிய மார்ச் கடைசியில் துளை வறண்டுவிடும்.

5. துளையிடும் நாள்

வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறிய ஒரு மதியத்தைத் தேர்ந்தெடுங்கள். உறைந்த கட்டையில் ஸ்பைலை அடித்தால் மரம் பிளக்கும்.

பிட்டின் முனையிலிருந்து 4 சென்டிமீட்டர் அளந்து ஒட்டு நாடா சுற்றுங்கள். அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில், பட்டை நன்றாக இருக்கும் இடத்தில், பிட்டின் முனை லேசாக மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துளையிடுங்கள். அப்போதுதான் சாறு வெளியே வடியும். வெளிவரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, ஈரமாக இருந்தால் உயிருள்ள கட்டை. காப்பித்தூள் நிறத்தில் வந்தால் அந்த இடம் செத்த கட்டை, அங்கே ஒரு சொட்டுகூட வராது. அதே மரத்தில் தள்ளி இன்னொரு இடம் பாருங்கள்.

ஸ்பைலை வெந்நீரில் கழுவி, துளையில் செருகி, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். முதலில் 'டிக் டிக்' என்று கேட்கும் ஒலி நான்கைந்து தட்டில் 'தொம்' என்று கனமாகும். அங்கே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஓர் அடி என்று ஆசைப்பட்டால் மேலும் கீழும் கீறல் விட்டு, சாறு அதன் வழியே போய்விடும்.

நல்ல நாள் என்றால் பிட்டை உருவியதுமே சொட்டத் தொடங்கும். விரலில் பிடித்து நக்கிப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். ஐயோ, தப்பான மரம் போலிருக்கிறது என்று நான் பயந்தேன். சரியான மரம்தான். சுகர் மேப்பிள் சாற்றிலேயே சர்க்கரை இரண்டு சதவீதம்தான். பதநீரில் பத்துக்கு மேல் இருக்கும். அந்த நாக்கோடு இங்கே வந்து சோதிக்கக் கூடாது.

வாளியைத் தொங்கவிட்டு, மூடி போடுங்கள். மூடி இல்லாவிட்டால் மழை சேரும், அந்துப்பூச்சி மிதக்கும், அணில் வந்து குடித்துவிட்டுப் போகும்.

6. சாற்றைச் சேர்ப்பதும் வைப்பதும்

நல்ல நாளில் ஒரு துளையே 4 முதல் 8 லிட்டர் தரும். சில நாள் ஒன்றுமே வராது. தினமும் மாலை வாளியை இறக்கி, துணியில் வடிகட்டி, பெரிய கலத்தில் ஊற்றுங்கள்.

சாற்றைப் பால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 4 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும், நான்கைந்து நாளுக்குள் காய்ச்சிவிட வேண்டும். வீட்டின் வடக்குப் பக்கம், வெயில் படாத மூலையில் பனியைக் குவித்து அதற்குள் கலத்தைப் புதைத்துவைப்பேன். ஊரில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது கேட்ட முதல் கேள்வி: "ஏல, கலயத்துல சுண்ணாம்பு தடவாம எப்படி புளிக்காம இருக்கு?" ஏரல் பக்கம் பனையேறிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதுதானே கேள்வி. இங்கே சுண்ணாம்பின் வேலையைக் குளிர் செய்கிறது. குளிர் போனால் ஒரே நாளில் சாறு கலங்கும், நுரைக்கும். கலங்கியதைக் காய்ச்சினால் பாகு கறுத்து, வாடையோடு வரும்.

இரவில் வாளியின் மேல் ஐஸ் கட்டியிருந்தால் அதை எடுத்து எறிந்துவிடுங்கள். உறைவது பெரும்பாலும் தண்ணீர்தான், சர்க்கரை அடியில் தங்கிவிடும். எரிவாயு மிச்சம். தூக்கி எறிய எனக்கு முதலில் மனசு வரவில்லை. பிறகு ஒரு துண்டு ஐஸை உருக்கிக் குடித்துப் பார்த்தேன், துளி இனிப்பு இல்லை.

7. காய்ச்சுவது: வெளியே, வெளியே, வெளியே

கணக்கு இதுதான். 86ஐச் சாற்றின் சர்க்கரை சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று வரும். இரண்டு சதவீதம் என்றால் 43. பாகு எடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது நாற்பதுக்கு ஒன்று. அதாவது ஒரு லிட்டர் பாகுக்காக ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறீர்கள். அந்த 40 லிட்டரும் வீட்டுக்குள் எங்கே போகும்? சுவருக்கும் கூரைக்கும்தான். எங்கள் சமையலறை ஜன்னலில் நீர் வழிந்து கீழே குளம் கட்டியது. காகிதம் மாற்ற ஆன செலவில் பத்து வருடத்துக்குப் பாகு வாங்கியிருக்கலாம். வீட்டம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அந்தச் சுவரைக் காட்டுகிறார்.

மழை பெய்கிறதே என்று புரோபேன் அடுப்பைக் கராஜுக்குள் இழுத்துவிடாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மழை நாளில் காய்ச்சாதீர்கள், அவ்வளவுதான்.

குண்டு பாத்திரம் வேண்டாம். மேற்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். அதற்காகத்தான் பந்தித் தட்டு. காலை ஏழு மணிக்குப் பற்றவைத்தால், 40 லிட்டர் முடிய எனக்கு மாலையாகிவிடும். ஆகவே சனிக்கிழமை வேறு எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் நான்கு விரல் உயரத்துக்குச் சாறு ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். குறையக் குறைய, இன்னொரு சின்னப் பாத்திரத்தில் சூடாக்கிய சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குளிர்ந்த சாற்றை அப்படியே கொட்டினால் கொதி அடங்கி, மறுபடி எழ நேரம் எடுக்கும். தட்டில் எப்போதும் இரண்டு விரல் உயரமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஓரங்கள் கருகும். நுரையை அகப்பையால் எடுத்துவிடுங்கள். பொங்கி வந்தால் கடுகளவு வெண்ணெயைத் தொட்டுவிட்டால் சட்டென்று அடங்கும். பாகை மற்றவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் வெண்ணெய் சேர்த்ததைச் சொல்லிவிடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள்.

மத்தியானம் வரை ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். மூன்று மணி வாக்கில் நிறம் டீத்தண்ணீர் மாதிரி மாறும், வாசனை எழும்பும். எல்லாச் சாறும் ஊற்றி முடிந்து, கடைசி இரண்டு மூன்று லிட்டருக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, வடிகட்டி, ஆழமான சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இனிமேல் வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோகலாம். மீதி ஆவி கொஞ்சம்தான், தீயையும் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும்.

8. பதம்

இங்கிருந்து போனை அணைத்துவையுங்கள். நாள் முழுக்க ஆமை மாதிரி நகர்ந்த பாகு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஓடும்.

பதம் மூன்று விதமாகத் தெரியும். முதலாவது வெப்பமானி. வெறும் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் சுமார் 4 டிகிரி செல்சியஸ் ஏறியதும் பாகு. ஆனால் தண்ணீர் எல்லா நாளும் சரியாக 100இல் கொதிப்பதில்லை, காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். அன்றைக்கே ஒரு கரண்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உங்கள் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஹைட்ரோமீட்டர். சட்டம் ஒப்புக்கொள்வது இதில் தெரியும் அடர்த்தியைத்தான்: 66 பிரிக்ஸ், அதாவது எடையில் 66 சதவீதம் சர்க்கரை. எல்லைக்கு அப்பால் வெர்மான்ட் மாநிலத்தில் 66.9 கேட்கிறார்கள். உயரக் குவளையில் கொதிக்கும் பாகை ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மெல்ல இறக்குங்கள். சூடான பாகுக்கு என்று தனிக் கோடு இருக்கும், வழக்கமாகச் சிவப்பில். அந்தக் கோடு பாகின் மட்டத்துக்கு வந்தால் இறக்கிவிடலாம். குளிர்ந்த ஹைட்ரோமீட்டரைக் கொதிபாகில் திடீரென்று போட்டால் கண்ணாடி விரிசல் விடும், முதலில் வெந்நீரில் காட்டுங்கள். 55 டாலரில் இதுதான் பெரிய பங்கு என்பதால் சொல்கிறேன்.

மூன்றாவது அகப்பை. தூக்கிச் சாய்த்தால் துளித்துளியாக விழாமல் இரண்டு துளி சேர்ந்து திரைபோல் விளிம்பில் தொங்கும். கம்பிப்பதம் வரை போய்விடாதீர்கள். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்கள் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவ்வளவு தூரம் போனால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும். 66க்குக் குறைந்தாலோ சில வாரத்தில் மேலே பூஞ்சை படரும்.

9. வடிகட்டி அடைப்பது

பாகை வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கலாக இருக்கும். சாற்றிலிருந்த தாதுப்பொருள் மணல்போல் திரண்டது அது. சர்க்கரை மணல் என்பார்கள். நஞ்சில்லை, நறநறக்கும். காப்பி வடிகட்டித் தாளில் முயன்றால் இரண்டு கரண்டியில் அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஃபெல்ட் கூம்பு. வெந்நீரில் நனைத்து, உள்துணியைப் போட்டு, சூடாகவே ஊற்றுங்கள். பிழியாதீர்கள். அந்தத் துணிக்கு ஒரு நாளும் சோப்பு போடக் கூடாது, அடுத்த தடவை பாகில் சோப்பு வாடை வரும்.

வடிந்த பாகை 85 டிகிரி சூட்டில், கழுவிச் சூடாக்கிய கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி, மூடி, இரண்டு நிமிடம் படுக்கவைத்தால் மூடியும் சுத்தமாகிவிடும். ஆறியிருந்தால் மறுபடி சூடாக்கலாம், ஆனால் கொதிக்கவிடாதீர்கள், மணல் மறுபடி திரளும். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

10. எப்போது நிறுத்துவது

கிளை நுனியில் மொட்டு பருத்துப் பிளக்கத் தொடங்கினால் அன்றோடு நிறுத்துங்கள். அதன்பிறகு வரும் சாற்றிலும் சர்க்கரை இருக்கும், ஆனால் பாகில் ஒரு கசப்பும் புழுங்கலான வாடையும் ஏறிவிடும். மொட்டு வாடை என்பது இதுதான். காய்ச்சிப் போக்க முடியாது. கூட ஒரு லிட்டருக்கு ஆசைப்பட்டு, முன்பு எடுத்த நல்ல பாகோடு இதைக் கலந்து மொத்தத்தையும் கெடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

11. விற்கலாமா?

நண்பர்களுக்குச் சும்மா கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நிம்மதி. காசு வாங்கினால் கதை வேறு. ஒன்டாரியோவில் காய்கனி, தேன், மேப்பிள் பொருட்களுக்கென்று 119/11 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. அடர்த்தி 66 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது, வேறு சர்க்கரை கலக்கக் கூடாது, லேபிளில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், நிகர அளவும், தரமும், நிற வகையும் இருக்க வேண்டும். நிற வகை நான்கு: கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க். பருவத் தொடக்கத்தில் எடுத்தது வெளிறியும், கடைசியில் எடுத்தது கறுத்தும் இருக்கும். நிறம் கறுத்தால் தரம் குறைவு என்று அர்த்தமில்லை. கருப்பட்டி தின்ற நாக்குக்கு டார்க்தான் பிடிக்கும்.

வேறு மாகாணத்துக்கு அனுப்பி விற்பதென்றால் கனடா உணவு ஆய்வு முகமையின் உரிமம் வேண்டும். இரண்டு வருடம் செல்லும். 2019இல் 250 டாலராகத் தொடங்கிய கட்டணம் இப்போது ஏறியிருக்கிறது. நான்கு துளைக்காரருக்கு இது கட்டாது.

கியூபெக்கில் நிலம் வாங்கிப் பெரிதாகச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உலகப் பாகில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே மொத்த விற்பனை உற்பத்தியாளர் அமைப்பின் கையில் இருக்கிறது. உங்களுக்கென்று ஒதுக்கீடு இல்லாமல் பீப்பாய்க் கணக்கில் விற்க முடியாது. பண்ணைக்கு வரும் ஆட்களுக்குச் சின்னக் கலங்களில் நேரடியாகக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. மரம் வாங்குவதற்கு முன் ஒதுக்கீடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையப் பாதுகாப்புக்கு அது திரவம், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். என் ஆம்பர் ஒரு பாட்டில் அங்கே குப்பைத் தொட்டிக்குப் போனது. இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.

12. ஏப்ரலில் செய்ய வேண்டியது

ஸ்பைலைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நேராக இழுத்து எடுங்கள். துளையை மரக்குச்சியாலோ மெழுகாலோ அடைக்கத் தேவையில்லை. மரம் தானாக மூடிக்கொள்ளும், ஒன்றிரண்டு வருடத்தில் வெறும் தழும்புதான் இருக்கும். வாளி, ஸ்பைல், தட்டு எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த வருடத் துளை, பழையதிலிருந்து பக்கவாட்டில் 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நேர் மேலேயோ நேர் கீழேயோ போடக் கூடாது. அந்தக் கோட்டிலுள்ள கட்டை செத்துப்போயிருக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்து, துளை தெரியும்படி ஒவ்வொரு மரத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிப்ரவரியில் முழங்கால் பனியில் நின்றுகொண்டு பட்டையைத் தடவித் தடவிப் பழைய துளையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.